சித்தூர் – திருப்பதி நாள்பயண மாணவர்கள்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் உள்ள சித்தூர், திருப்பதி ஆகிய நகரங்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் இடையே நாள்தோறும் பேருந்திலும் ரயிலிலும் கல்லூரிக்குப் போய் வீடு திரும்பும் மாணவ மாணவியர் நாள்பயண மாணவர்கள் எனப்படுவர். கல்லூரிகளில் இவர்களை ‘டே ஸ்காலர்’ என்பார்கள். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவு. பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகப் பேருந்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்து பேருந்து நிலையம், இறங்கிய இடத்திலிருந்து கல்லூரி என்று எல்லாம் சேர்த்தால் போகவர நான்கு மணி நேரம் போய்விடுகிறது. வாரத்தில் ஆறு நாள் வகுப்பு நடக்கும் கல்லூரியில் படிப்பவருக்கு இது 24 மணி நேரம், அதாவது வாரத்துக்கு ஒரு முழு நாள்.

தினமும் போய்வந்து படிப்பது இந்த வட்டாரத்தில் பழைய வழக்கம் அல்ல. சித்தூர் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த காலத்தில் மேற்படிப்பு என்றாலே ஊரைவிட்டுப் போவதுதான். திருத்தணிப் பக்கம் பிறந்த எஸ். இராதாகிருஷ்ணன் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரீசு கல்லூரி, சென்னையில் கிறித்துவக் கல்லூரி என்று ஊர் மாறி ஊர் மாறிப் படித்தார். சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் பிறந்த கல்வியாளர் சி. ஆர். ரெட்டி சென்னையில் படித்து, அங்கிருந்து கேம்பிரிட்ஜ் போனவர். 1945இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கலைக் கல்லூரியைத் தொடங்கியது. 1954இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983இல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் வந்தன. 1990களின் பிற்பகுதியில் சித்தூரைச் சுற்றியும் சந்திரகிரிப் பக்கமும் தனியார் பொறியியல் கல்லூரிகள் எழுந்தன. அதன்பின் மாணவர் ஓட்டம் இரு திசையிலும் நிலைபெற்றது. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டம் ஆனதால் இவர்களில் பலர் இப்போது தினமும் மாவட்ட எல்லையைத் தாண்டிப் படிக்கிறார்கள்.

இங்கே ஒரு முரண் உண்டு. 2015இல் திருப்பதிக்கு வந்த ஐ.ஐ.டி.யும் ஐசரும் ஏர்ப்பேடு பக்கம் விடுதியோடு கூடிய வளாகங்களில் இயங்குகின்றன. வெளிமாநிலத்திலிருந்து வந்த மாணவர் தூங்கி எழுந்து நடந்தே வகுப்புக்குப் போகிறார். பக்கத்து மண்டலத்துப் பிள்ளை இருட்டிலேயே எழுந்து பஸ் பிடிக்கிறது.

விடுதியில் தங்கக்கூடாதா என்று கேட்பவர்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். மாநில அரசு 2020இல் தொடங்கிய ‘வசதி தீவெனா’ திட்டத்தில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமாகப் பட்டப்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய், இரண்டு தவணையில் என்று வகுக்கப்பட்டது. மாதத்துக்குப் பிரித்தால் 1,700 ரூபாய்க்கும் குறைவு. ஆண்டு முழுக்க யாத்ரீகர்கள் அறை தேடும் திருப்பதியில் இந்தத் தொகைக்கு இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைக்காது. மகளை வெளியூரில் தங்கவைக்கப் பெற்றோருக்கு உள்ள தயக்கம் தனி. ஆக, பணம் மிச்சமாகிறது. அதற்கு ஈடாகப் பிள்ளையின் தூக்கம் செலவாகிறது.

இவர்களின் நாள் எப்படிப் போகிறது என்பதை மாநில அரசுப் போக்குவரத்துக் கழகமான ஆர்.டி.சி.யின் ‘பல்லெவெலுகு’ எனப்படும் சிற்றூர்ப் பேருந்து ஒன்றில் ஏறிப் பார்த்தாலே தெரியும். நின்றபடி வரும் மாணவர்கள் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுத்துவைக்கிறார்கள். லேப் ரெக்கார்டு நோட்டு கசங்கிவிடக் கூடாது என்று அதை மட்டும் கையிலேயே பிடித்திருப்பவரும் உண்டு. மிட் தேர்வு நாளென்றால் கம்பியில் ஒரு கையும் ஜெராக்ஸ் தாளில் ஒரு கையுமாகப் படிப்பு நடக்கிறது. ஒன்பது மணியை ஒட்டி முதல் வகுப்பு, பிற்பகலில் மூன்று மணி நேர லேப். அது முடிந்து கிளம்பினால் வீடு சேர ஏழோ எட்டோ ஆகிவிடும். அதன்பிறகுதான் ரெக்கார்டும் அசைன்மென்டும். மாலையில் வைக்கும் பிளேஸ்மென்ட் பயிற்சி, விளையாட்டு, நூலகம் மூன்றும் பெரும்பாலும் விடுதிப் பிள்ளைகளுக்கே வாய்க்கின்றன. கடைசி பஸ்ஸைக் கணக்கில் வைத்துப் படிப்பவர் நாலரைக்கே வாசலுக்கு வந்தாக வேண்டும்.

தொலைவைவிட இவர்களை வாட்டுவது வருகைப்பதிவுதான். அனந்தபூர் ஜே.என்.டி.யூ.வுடன் இணைந்த பொறியியல் கல்லூரிகளில் ஒரு பருவத்துக்கு ஒட்டுமொத்தமாக 75 விழுக்காடு வருகை வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் தக்க காரணம் காட்டி, கட்டணம் கட்டி ‘கண்டோனேஷன்’ பெறலாம். 65க்குக் கீழே போனால் பருவத் தேர்வு எழுத முடியாது. ‘டிடெயின்’ ஆகி அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். விதி கெடுபிடியாக இருப்பதில் தவறில்லை. ஆனால் பஸ் பழுதானதால் போன முதல் வகுப்பும், படுத்துத் தூங்கியதால் போன முதல் வகுப்பும் பதிவேட்டில் ஒரே ‘ஆப்சென்ட்’ ஆகின்றன. இது நியாயம் இல்லை.

ரயிலின் நிலை வேறு. காட்பாடி – சித்தூர் – பாகாலா – திருப்பதிப் பாதை 104 கி.மீ. நீளமுள்ள ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்காகக் கிராசிங்கில் நிற்கும் நேரம் மாணவரின் வகுப்பு நேரத்திலிருந்துதான் போகிறது. அரக்கோணத்திலிருந்து சென்னைக் கல்லூரிகளுக்குப் போகிறவருக்கு ஒரு மின்சார ரயில் தவறினால் அடுத்தது உண்டு. இங்கே ஒரு பாசஞ்சர் போனால் அன்றைய காலையே போயிற்று. கூடவே யாத்ரீகர் கூட்டம். புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் பிரம்மோற்சவ நாள்களிலும் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில் கால் வைக்க இடமிருக்காது. முதல் பருவத்தின் தேர்வுகள் நெருங்குவதும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான்.

2025 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ‘ஸ்திரீ சக்தி’ திட்டம் ஆந்திரத்தில் வசிக்கும் பெண்களுக்குப் பல்லெவெலுகு முதல் எக்ஸ்பிரஸ் வரை ஐந்து வகைப் பேருந்துகளில் கட்டணத்தை நீக்கியது. வெகுநாள் தேவைப்பட்ட உதவி இது. பாஸ் எடுக்கப் பணம் இல்லாமல் படிப்பை விடும் நிலை ஒரு பெண்ணுக்கும் வரக்கூடாது. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் பேருந்துகளுக்கு இச்சலுகை இல்லை. தமிழ்நாட்டின் கட்டணமில்லாப் பயணமும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தோடு நின்றுவிடுகிறது. எனவே சித்தூரிலிருந்து 35 கி.மீ. தொலைவில் உள்ள வேலூருக்குப் படிக்கப் போகும் பெண் பணம் கொடுத்தே போகிறாள், 70 கி.மீ. தள்ளியுள்ள திருப்பதிக்குப் போகும் அவள் தோழிக்குச் செலவில்லை. இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் எல்லையோர மாணவியருக்காவது ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டும்.

திருப்பதி – பாகாலா – காட்பாடிப் பாதையை 1,332 கோடி ரூபாயில் இரட்டைப் பாதையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. பாதை இரட்டிப்பானால் கிராசிங் காத்திருப்பு குறையும். அப்போது புதிய கால அட்டவணை போடுமுன், இரு மாவட்டக் கல்லூரிகளின் முதல் வகுப்பு எப்போது, கடைசி லேப் எப்போது முடிகிறது என்று ரயில்வே கேட்டறிய வேண்டும். கல்லூரிகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் வகுப்பை அரை மணி தள்ளிவைப்பதற்கு எந்த அமைச்சரவையின் ஒப்புதலும் வேண்டியதில்லை.