மண்ணைப் படிக்கும் துறை



மழைக்குப் பின் எந்தச் சரிவில் கால் வழுக்கும், எங்கே தோண்டினால் தண்ணீர் ஊறும் என்பதைத் தோட்டத்துப் பெரியவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஆனால் எழுதி வைக்காத அறிவு அவர்களோடு போய்விடுகிறது. இத்தகைய அறிவை நாடு முழுவதற்கும் திரட்டி, எழுதிக் காப்பதற்கென்றே நம் நாட்டில் ஓர் அரசாங்கத் துறை இருக்கிறது. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

1903ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம், ஜே. பி. ஸ்கிரிவனர் என்ற நிலவியல் அறிஞரை நியமித்தது. பாறைகளையும் மண்ணையும் ஆராயும் கல்வியே நிலவியல். அவருடைய அலுவலகம் பேராக்கில் பத்து காஜாவில் இயங்கியது. ஏன் அங்கே? கிந்தா பள்ளத்தாக்கில்தான் ஈயம் குவிந்து கிடந்தது. அரசாங்கத்துக்கு அன்று வேண்டியது ஈயமே.

கோப்பெங் வட்டாரத்தில் ஈயம் கலந்த களிமண், மிகப் பழைய காலத்துப் பனியாறுகள் கொண்டுவந்து சேர்த்தது என்றார் ஸ்கிரிவனர். அதே துறையில் பணியாற்றிய டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் அதை மறுத்தார். மலையின் கருங்கல் வெயிலிலும் மழையிலும் உளுத்துச் சரிந்து வந்த மண்ணே அது என்றார். பின்வந்த ஆய்வாளர்கள் ஜோன்ஸின் பக்கமே நின்றார்கள். தலைவரின் கருத்தையும் சான்று காட்டித் திருத்தலாம் என்பதே இதில் நாம் காணும் பாடம்.

அந்தச் சான்று எப்படிச் சேர்கிறது? ஆய்வாளர் சுத்தியலும் திசைகாட்டியும் கொண்டு ஓடைகளின் வழியே நடக்கிறார். காடு மூடிய நாட்டில் பாறை வெளியே தெரிவது பெரும்பாலும் ஓடையில்தான். உடைத்தெடுத்த கல்லுக்கு எண் இடுகிறார். எடுத்த இடத்தைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். ஆய்வுக்கூடத்தில் அக்கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்பெருக்கியில் பார்க்கிறார்கள். பிறகே வரைபடத்தில் நிறம் ஏறுகிறது.

1949இல் சரவாக், சபா பகுதிகளுக்குத் தனியே ஒரு நிலவியல் துறை கூச்சிங்கில் தோன்றியது. 1963இல் மலேசியா அமைந்த பின் இரண்டும் இணைந்தன. 1999இல் சுரங்கத் துறையும் சேர்ந்து, இன்றைய கனிம, புவி அறிவியல் துறை உருவானது. இது கூட்டரசு அரசாங்கத்தின் துறை. தலைமை இயக்குநர் இதற்குத் தலைவர்; மாநிலங்களில் கிளை அலுவலகங்கள் உண்டு. கனிம ஆராய்ச்சி நிலையம் ஈப்போவில் இருக்கிறது.

ஈயம் தேடப் பிறந்த துறை இன்று நிலத்தடி நீரையும் தேடுகிறது. கிணறுகளைத் துளைத்து, நீரின் அளவையும் தன்மையையும் சோதிக்கிறது. மலைச்சரிவுகளை ஆபத்தின் அளவுப்படி நான்கு வகுப்புகளாகப் பிரித்து வரைபடமும் தருகிறது.

இந்த வரைபடம் எவ்வளவு தேவை என்பதை நாம் துயரத்தோடு அறிவோம். 1993 டிசம்பர் 11இல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். 2022 டிசம்பர் 16இல் பத்தாங் காலியில் மண் சரிந்து, கூடாரங்களில் உறங்கிய 31 பேர் உயிரிழந்தனர்.

ஒன்றை நாம் நினைவில் கொள்ள வேண்டும். நம் அரசியலமைப்பின்படி நிலம் மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. இந்தச் சரிவு ஆபத்தானது என்று துறை சொல்லலாம். அங்கே கட்டலாமா என்பதை முடிவு செய்வோர் வேறு அதிகாரிகள். கேட்பாரில்லாத ஆலோசனை எவரையும் காப்பாற்றாது.

ஆகவே, சரிவின் அடியில் குடியிருப்போர் விழிப்பாக இருப்போம். தரையில் புது வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், திடீரெனக் கலங்கி ஊறும் நீர் ஆகியவை மண் தரும் எச்சரிக்கைகள். கண்டதும் பிள்ளைகளோடு விலகி நின்று, நிர்வாகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் தெரிவிப்போம். பெரியவர்கள் சொல்லும் மண்ணின் கதைகளைப் பிள்ளைகள் எழுதியும் வைக்கட்டும். 1903இல் தொடங்கிய பதிவேடும் அப்படித்தான், ஒவ்வொரு குறிப்பாக வளர்ந்தது.