வாயிற்படியும் விருந்தினரும்: மங்கோலியப் புல்வெளியின் உபசார மரபு

கி.பி. 1254-ஆம் ஆண்டில் மங்கோலியப் பேரரசர் மோங்கே கானைக் கண்டு வணங்கித் திரும்பிய ஒரு கிறித்தவத் துறவி, கூடாரத்தை விட்டு வெளியேறும்போது வாயிற்படியில் கால் இடறினார். கிரெமோனா நகரத்துப் பர்த்தலோமியு என்பது அவர் பெயர். இடறிய கணத்திலேயே காவலர் அவரைப் பிடித்து நிறுத்தினர். கானின் வாயிற்படியை மிதிப்பது அந்நாளில் மரணதண்டனைக்குரிய குற்றம். தலைமைச் செயலராகவும் நடுவராகவும் விளங்கிய புல்காய் என்பவர் துறவியரிடம் வந்து, படியைத் தொடலாகாது என்று யாரேனும் உங்களுக்குச் சொன்னதுண்டா என வினவினார். தக்க மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கு இல்லை, எவ்வாறு அறிந்திருக்க முடியும் என்று விடை சொன்னார்கள். பர்த்தலோமியு உயிர் பிழைத்தார். ஆனால் கானின் எந்த உறைவிடத்துக்குள்ளும் அதன்பின் அவர் நுழைய அனுமதிக்கப்படவில்லை.

இந்நிகழ்ச்சியை எழுதி வைத்தவர் அவருடன் சென்ற ருப்ருக் ஊரினரான வில்லியம். பிரான்சு மன்னர் ஒன்பதாம் லூயிக்கு அவர் எழுதிய நெடுங்கடிதம், 1253 முதல் 1255 வரையிலான தம் பயணத்தின் பதிவு. மங்கோலியர் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் மார்க்கோ போலோவின் நூலுக்கே புகழ் மிகுதி எனினும், நேர்மையான நோக்குக்கு நாம் வில்லியத்தையே நாடுவோம். காணாததைக் கண்டதாக அவர் சொல்வதில்லை, பிடிக்காததை மறைப்பதுமில்லை. தலைநகரான காரகோரத்தைப் பற்றிக்கூட, அரண்மனையை நீக்கிவிட்டால் பாரீசுக்கு அருகிலுள்ள சேன் தெனி என்னும் சிற்றூருக்கும் இது ஈடாகாது என்றுதான் எழுதுகிறார்!

அவருக்கு முன் சென்றவர் கார்பினி ஊரினரான ஜான். அறுபது வயதைக் கடந்த நிலையில், 1245-இல் போப்பாண்டவரின் தூதராகப் புறப்பட்டு, 1246 ஆகஸ்டில் குயுக் கான் அரியணை ஏறியதை நேரில் கண்டவர். மங்கோலியர் பாவம் எனக் கருதும் செயல்களை அவர் தொகுத்துத் தருகிறார். நெருப்பில் கத்தியை நுழைப்பது, சாட்டையின் மீது சாய்ந்து நிற்பது, எலும்பை எலும்பால் உடைப்பது, பாலைத் தரையில் சிந்துவது ஆகியன அவற்றுட் சில. வெளியிலிருந்து வரும் தூதரும் அவர்தம் காணிக்கைகளும் இரு நெருப்புகளுக்கிடையே கடந்து தூய்மை பெற வேண்டும் என்பதும் அவர் குறிப்பு. அதே 1246-இல், செங்கிசு கானின் உருவத்தை வணங்க மறுத்த உருசிய இளவரசர் செர்னிகோவின் மிக்கேல் கொல்லப்பட்டார். விருந்தினர்க்குரிய ஒழுக்கம் அன்று உயிரோடு தொடர்புடைய செய்தி என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்று மங்கோலியாவுக்குச் செல்லும் பயணிகளுக்கு வழிகாட்டி நூல்கள் ஒரு பட்டியல் தருகின்றன. படியை மிதிக்காதீர், நெருப்பில் குப்பை போடாதீர், கால்களை அதன் பக்கம் நீட்டாதீர், நடுத்தூண்களில் சாயாதீர், எதையும் வலக்கையால் வாங்குக. இதைப் படிப்பவர் நகரத்து உணவகத்துக்குரிய நாகரிக விதிகள் போன்றவை இவை என்று கருதிவிடக்கூடும். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வரும் விதிகளோடு கைகுலுக்குகிறோம் என்ற உணர்வைப் பட்டியல் தருவதில்லை.

வில்லியம் விவரிக்கும் வீட்டமைப்பையே எடுத்துக்கொள்வோம். வாயில் தெற்கு நோக்கும். வீட்டுத்தலைவன் இருக்கை வடக்கில். ஆண்கள் மேற்கே, பெண்கள் கிழக்கே. இன்றும் 'கெர்' என வழங்கும் வட்டக் கூடாரத்தின் அமைப்பு இதுவே. விரித்துச் சுருக்கக்கூடிய மரப்பின்னல் சுவர், கதிர்கள் போல் விரியும் கழிகள், உச்சியில் 'தோனோ' எனும் வட்டச் சட்டம், மேலே ஆட்டு மயிரை அடித்துச் செறித்த தடித்த போர்வை. தோனோ வழியே இறங்கும் வெயில் உள்ளே நகர்ந்துகொண்டே நேரம் காட்டும். மாறியிருப்பது அளவும் போக்கும்தான். அந்நாளில் பெரும் கூடாரங்களைப் பிரிக்காமலே வண்டியில் ஏற்றிச் செல்வதுண்டு. ஒரே வீட்டை இருபத்திரண்டு எருதுகள் இழுத்ததை வில்லியம் எண்ணிப் பார்த்து எழுதுகிறார். வீட்டின் நடுவில் இருப்பது அடுப்பு. மரம் அரிதாகிய புல்வெளியில் உலர்ந்த சாணமே எரிபொருள். குளிர் கழிவு நாற்பது பாகைக்கும் கீழே இறங்கும் நிலத்தில் நெருப்பைத் தெய்வமாகக் கொள்வதற்குத் தத்துவ விளக்கம் தேவையில்லை.

புளித்த குதிரைப்பாலாகிய 'ஐராக்' பற்றி வில்லியம் தரும் செய்தி சுவையானது. முதல் மிடறு குடித்ததும் அச்சத்தாலும் வியப்பாலும் வியர்த்துப் போனாராம். பின்னரோ அது நன்றாகவே இருந்ததாம். குடிக்குமுன் தெற்கே நெருப்புக்கும், கிழக்கே காற்றுக்கும், மேற்கே நீருக்கும், வடக்கே இறந்தோர்க்கும் தெளிக்கும் சடங்கையும் அவர் பதிவு செய்கிறார். காரகோரத்து அரண்மனையில் பாரீசுப் பொற்கொல்லர் கியோம் பூஷே செய்த வெள்ளி மரத்தின் அடியில் நான்கு வெள்ளிச் சிங்கங்கள் உமிழ்ந்ததும் குதிரைப்பால்தான். ஐராக் செய்யும் மரபுமுறையை 2019-இலும், கெர் கட்டும் கலையை 2013-இலும் யுனெசுகோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

விருந்தோம்பலுக்கு இத்துணை கடுமை ஏன்? விடை 'மங்கோலியரின் இரகசிய வரலாறு' கூறும் ஒரு மரணத்தில் இருக்கிறது என்பது நம் எண்ணம். ஒன்பது வயது மகன் தெமுஜினுக்குப் பெண் பேசி முடித்துத் திரும்பிய எசுகெய், வழியில் தாத்தாரியர் விருந்துண்பதைக் கண்டு, தாகம் மேலிட இறங்கினான். அவர்கள் அவனை அடையாளம் கண்டு நஞ்சு கலந்து கொடுத்தனர். மூன்று நாளில் வீடு சேர்ந்து இறந்தான். கைம்பெண்ணையும் குழந்தைகளையும் குலத்தார் புல்வெளியில் கைவிட்டுச் சென்றனர். அந்தத் தெமுஜின்தான் 1206-இல் செங்கிசு கான் ஆனவன். அவனுடைய 'யாசா' சட்டங்களாக எகிப்திய வரலாற்றாசிரியர் மக்ரீசி பிற்காலத்தில் தொகுத்தவற்றுள் இரண்டு நம் கருத்தை ஈர்க்கின்றன. உண்போரைக் கடந்து செல்லும் வழிப்போக்கன் அனுமதி கேளாமலே அமர்ந்து உண்ணலாம், யாரும் தடுக்கலாகாது என்பது ஒன்று. உணவு அளிப்பவன் தான் முதலில் சுவைத்த பின்னரே பிறர் உண்ண வேண்டும் என்பது மற்றொன்று. மக்ரீசியை அப்படியே நம்பத் தயங்கும் ஆய்வாளர் உளர், தயக்கம் நியாயமே. எனினும் இவ்விரு விதிகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது எசுகெயின் கோப்பை நினைவுக்கு வராமல் போகாது. அடுத்த கூடாரம் ஒரு நாள் தொலைவில் இருக்கும் நாட்டில் கதவைச் சாத்துவது கொலைக்குச் சமம். திறந்த கதவுக்குள் நஞ்சு இருக்குமாயின் அதுவும் கொலையே.

வெளியாரை ஏற்றுக்கொண்ட இம்மனநிலையின் ஒரு கீற்று நம்மவரையும் தொட்டதுண்டு. குப்லாய் கான் ஆட்சியில், சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் ஒரு சிவாலயம் எழுப்பினர். ஒரு கானுடைய நலம் வேண்டி அது எழுப்பப்பட்டதை 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இன்றும் சொல்லி நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டு இம்மரபின் மீது கொடிய அடி கொடுத்தது. 1937 முதல் 1939 வரையிலான அடக்குமுறையில் ஆயிரக்கணக்கான பௌத்தத் துறவியர் கொல்லப்பட்டனர். நூற்றுக்கணக்கான மடங்கள் இடிக்கப்பட்டன. செங்கிசு கானின் எண்ணூறாவது பிறந்தநாளை 1962-இல் கொண்டாட முயன்றதற்காகவே தோமோர் ஓச்சிர் என்ற உயர் தலைவர் பதவி இழந்தார். 1990-க்குப் பின் நிலை தலைகீழானது. 2008-இல் உலான்பாத்தருக்குக் கிழக்கே நாற்பது மீட்டர் உயர உருக்குச் சிலையாகக் குதிரை மீது எழுந்தருளிவிட்டார் கான். பயணிகள் அக்குதிரையின் தலைவரை ஏறிப் படம் எடுத்துக்கொள்கின்றனர். சிலையை நாம் பெரிதாகப் போற்றவில்லை. சூலை மாதத்து நாடாம் விழாவில் முப்பது கிலோமீட்டர் அளவும் குதிரை ஓட்டும் சிறுவர் சிறுமியரிடம் கானின் காலம் இதைவிட மிகுதியாக எஞ்சியிருக்கிறது.

பயணிகள் முகாம்களில் இப்போது கட்டில், வெந்நீர், கட்டண விவரம் எல்லாம் உண்டு. பணம் வாங்கியவர் விருந்தளிப்பவர் ஆகார் என்று பழிப்பது எளிது. ஆனால் 'சூத்' எனும் கொடும்பனியை அறிந்தவர் அவ்வாறு பழிக்க மாட்டார். 2009-10 குளிர்காலத்தில் மட்டும் ஏறத்தாழ எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. நாட்டின் மொத்தத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. மந்தை இழந்த குடும்பங்கள் உலான்பாத்தரின் புறநகரில் கெர் நட்டு, நிலக்கரிப் புகையில் வாழ நேர்ந்தது. கோடையில் வந்து தங்கும் அயலார் தரும் தொகை, சில குடும்பங்களையேனும் புல்வெளியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

செல்பவர்க்கு நாம் கூறத்தக்கது சிறிதே. உப்பிட்ட பால்தேநீரை நீட்டினால் உதட்டிலேனும் வைத்துத் திருப்புக. மூக்குப்பொடிச் சிமிழைத் தந்தால், பழக்கம் இல்லாதவரும் முகர்ந்துவிட்டே தர வேண்டும். கால் பிறர் காலில் பட்டுவிட்டால் உடனே கைகொடுக்க. கூடாரத்தை அணுகும்போது கதவைத் தட்டும் வழக்கம் இல்லை. தொலைவிலிருந்தே 'நோகோய் ஹோர்' என்று குரல் கொடுக்க வேண்டும். நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது பொருள். நாய் வளர்க்காத வீட்டின் முன்பும் அவ்வாறே அழைக்கிறார்கள்.