டீச்சர் சொன்னதில் ஒரு திருத்தம்



அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் மகளும் மாப்பிள்ளையும் பேரனும் என்னைப் பாலைவனம் காட்டக் கூட்டிப் போனார்கள். போய் வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில், அமெரிக்கப் பழங்குடி மக்களின் பாழடைந்த கல்வீடுகள் படம் ஒன்றைக் காட்டினேன். ஒரு பையன் எழுந்து, "இவங்கல்லாம் எங்க போனாங்க டீச்சர்?" என்று கேட்டான். "மறைஞ்சு போயிட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

இப்போது அந்த இடங்களுக்கே போனேன். முதலில் கல்மரக் காடு தேசியப் பூங்கா. 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அங்கேயே புவெர்க்கோ என்ற பழைய ஊர். நடுவில் முற்றம், சுற்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். பக்கத்துப் பாறையில் ஒரு சுருள் கோலம் செதுக்கியிருக்கிறார்கள். ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் மட்டும் காலை வெயில் ஒரு கீற்றாக வந்து அதில் படுமாம். அதுதான் அவர்கள் காலண்டர்!

அடுத்து வின்ஸ்லோ ஊருக்குப் பக்கத்தில் ஹோமோலோவி பூங்கா. அந்தப் பெயருக்குச் 'சிறு குன்றுகளின் இடம்' என்று பொருள். ஏறத்தாழ 1260 முதல் 1400 வரை இங்கே மக்கள் வாழ்ந்தார்கள். லிட்டில் கொலராடோ ஆற்றங்கரையில் சோளமும் பருத்தியும் விளைவித்தார்கள். பெரிய ஊரில் மட்டும் சுமார் 1200 அறைகள். இன்று சில சுவர்கள்தான் தெரிகின்றன, மற்றதெல்லாம் மண்மேடு. பானைகளை விற்கத் தோண்டிய திருடர்கள் விட்டுப்போன பள்ளங்களும் நிறைய.

காலடியில் எங்கும் ஓட்டாஞ்சில்லுகள். மஞ்சள் நிறத்தில் கோடு போட்ட ஒன்றைப் பேரன் எடுத்து, "பாட்டி, வீட்டுக்குக் கொண்டு போலாமா?" என்றான். எனக்கும் உள்ளூர ஆசைதான். ஆனால் எதையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். அதைவிட, ஹோப்பி மக்கள் சொல்லும் காரணம் மனதைத் தொட்டது. இந்தச் சில்லுகள் அவர்களுடைய முன்னோர்கள் வேண்டுமென்றே விட்டுப்போன காலடித் தடங்களாம். 'நாங்கள் இங்கே இருந்தோம்' என்பதற்குச் சாட்சி.

ஆம், அந்த முன்னோர்கள் மறைந்துபோகவில்லை. வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் தட்டையான குன்றுகளுக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஏற்கனவே இருந்த சொந்தங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் வழிவந்த ஹோப்பி மக்கள் இன்றும் அங்கேதான் வாழ்கிறார்கள். மழையை மட்டும் நம்பி, மண்ணில் ஆழமாகக் குழி போட்டுச் சோளம் விதைக்கிறார்கள். அங்குள்ள ஓராய்பி என்ற ஊரில் ஏறக்குறைய 900 ஆண்டுகளாக மக்கள் இடைவிடாமல் வாழ்கிறார்கள்.

2010இல் பணமில்லாமல் மாநில அரசு ஹோமோலோவி பூங்காவை மூடியது. ஹோப்பி மக்களின் ஆட்சிமன்றம் நிதி கொடுத்து 2011இல் திறக்க வைத்தது. முன்பு பூங்காவின் பெயரில் 'இடிபாடுகள்' என்ற சொல் இருந்தது. இப்போது அதை எடுத்துவிட்டார்கள். முன்னோர்கள் இன்னும் வசிக்கும் இடத்தை இடிபாடு என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் கேள்வி.

பேரன் சில்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

அன்று கேள்வி கேட்ட மாணவா, நீ இதைப் படிக்கிறாயோ என்னவோ. உன் கேள்வி சரி, என் பதில்தான் தவறு. அவர்கள் மறைந்துபோகவில்லையப்பா. பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார்கள். போய்க் கேட்டுவிட்டுப் பதில் சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்