ஜாயினிங் டேட்

என் மேசை இழுப்பறையில் ஆறு டை இருந்தன. நீலம் மூன்று, மெரூன் இரண்டு, கோடு போட்டது ஒன்று. 1998-இல் கோவை கிராஸ்கட் ரோட்டில் என் கைக்காசு போட்டு வாங்கியவை. எல்லாவற்றுக்கும் முடிச்சுப் போட்டே வைத்திருப்பேன். பையன் வந்து தலைவழியாக மாட்டி இறுக்கிக்கொண்டு இன்டர்வியூ அறைக்குள் போவான். வெளியே வந்ததும் கழற்றி அடுத்தவன் கையில் கொடுப்பான். முடிச்சை மட்டும் யாரும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்துவிட்டால் மறுபடி போடத் தெரிந்தவர்கள் அந்த மாடியிலேயே இரண்டு பேர்தான்: நான், இன்னொருவர் கல்யாண பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த எங்கள் அட்டெண்டர்.

கொங்கு நாட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். மெக்கானிக்கல் விரிவுரையாளராக 1995-இல் சேர்ந்தேன். மூன்று வருடம் கழித்து முதல்வர் கூப்பிட்டு, "தெர்மோடைனமிக்ஸ் கிளாஸ் போக மிச்ச நேரத்துல பிளேஸ்மென்ட் பாத்துக்குங்க" என்றார். மிச்ச நேரம் இருபத்தேழு வருடமாகிவிட்டது. வரும் மே மாதம் ஓய்வு. இந்த பிளேஸ்மென்ட் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது, நடுவில் என்ன ஆனது என்று அதற்குள் எழுதி வைத்துவிடலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் ஊரில் பொறியியல் படிப்பு தொடங்கியபோது வேலைதான் முதலில் இருந்தது, பள்ளிக்கூடம் பிறகு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கத்துக்கு நிலம் அளக்க ஆட்கள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகாது. மைக்கேல் டாப்பிங் என்பவர் 1794-இல் சென்னைக் கோட்டையருகே ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி. அங்கே படித்தவனுக்கு எங்கே போவது என்ற கவலையே கிடையாது. சங்கிலியும் கருவியும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதன்பின் நூறு வருடத்துக்கு மேலாகவும் பெருமாற்றம் இல்லை. பொறியாளர் என்றால் பொதுப்பணித் துறை, ரயில்வே. சுதந்திரத்துக்குப் பிறகு மின்வாரியம், நெய்வேலி, திருச்சி பெல் ஆகியவை சேர்ந்துகொண்டன.

அப்போதெல்லாம் ஆள்தான் வேலையைத் தேடி ரயில் ஏற வேண்டும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம், டெல்லியில் ஒரு நேர்காணல், டேராடூனில் விமானப்படைக்கு ஒரு நேர்காணல் என்று போனார். விமானப்படைக்கு இருபத்தைந்து பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. அதே எம்.ஐ.டி.யில் படித்த எழுத்தாளர் சுஜாதா முதலில் விமானப் போக்குவரத்துத் துறையிலும், பிறகு பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸிலும் வேலை பார்த்தார். ஏரோநாட்டிக்ஸ் படித்தவர் விமானத்துக்கும் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் எலக்ட்ரானிக்ஸுக்கும் போன காலம் அது.

எங்கள் கோயமுத்தூர்க்காரர் ஒருவரை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஜி.டி.நாயுடு 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கி அதற்கு முதல்வராகவும் இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.) அதிலிருந்து வந்ததுதான். பொறியியலுக்கு நான்கு வருடம் வீண், இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். பிற்காலத்தில் மென்பொருள் கம்பெனிகள் எங்கள் பையன்களைக் கூட்டிப்போய் மூன்று நான்கு மாதத்தில் வேறு தொழிலுக்கே மாற்றி எடுத்ததைப் பார்த்தபோது அவரை நினைத்துக்கொள்வேன். நாயுடு இருந்திருந்தால் சிரித்திருப்பாரா, திட்டியிருப்பாரா என்று தெரியவில்லை.

நான் பி.ஈ. முடித்தது 1989-இல். மார்க் ஷீட் வந்ததும் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்தேன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே அம்மா வாசலுக்குப் போய்விடுவாள். அந்த அலுவலகத்திலிருந்து எனக்குக் கார்டு வந்தது 2003-இல், நேர்காணலுக்கு அல்ல, பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி. அதற்குள் நான் பீளமேட்டில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் அப்ரண்டிஸாக இருந்து, ஃபவுண்டரியில் சூப்பர்வைசராகி, அங்கே சம்பளம் போதாமல் வாத்தியாராகி, தலையும் நரைக்கத் தொடங்கியிருந்தது.

ஆளுக்கும் வேலைக்கும் இடையிலான கணக்கு மாறத் தொடங்கியது 1984-இல். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. நுழைவுத் தேர்வு வந்ததும் அதே வருடம். கல்லூரிகள் பத்து இருபது என்று ஏறி, கால் நூற்றாண்டில் ஐந்நூறைத் தாண்டின. டாப்பிங் காலத்தில் வேலைக்கு ஆள் தேடினார்கள். இப்போது ஆளுக்கு வேலை தேட வேண்டியதாயிற்று. அந்தத் தேவையில் பிறந்ததுதான் என் நாற்காலி. 1997-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் தொடங்கியபின், நூறு கல்லூரிப் பெயர்கள் ஒரே நேரத்தில் பெற்றோர் கண்முன் வந்து நின்றன. லேபைப் பற்றிக் கேட்டவர்கள் குறைந்து, "பிளேஸ்மென்ட் எப்படிங்க?" என்பதே முதல் கேள்வியாயிற்று. நிர்வாகம் என் அறைக்கு ஏ.சி. போட்டது. எங்கள் ஒர்க் ஷாப்பில் மழை ஒழுகிக்கொண்டிருந்தது.

நல்ல நேரம், அதே காலத்தில் மறுபக்கத்தில் மென்பொருள் கம்பெனிகளுக்கு ஆள் பஞ்சம். இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பிவிடும் என்ற பயத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் வேலையை இங்கே கொட்டின. 2000 ஜூலை 4-ஆம் தேதி தரமணியில் டைடல் பார்க்கை வாஜ்பாய் திறந்து வைத்தார். மகாபலிபுரம் சாலையில் உப்புக் காற்று வாங்கிக் கிடந்த நிலமெல்லாம் கண்ணாடிக் கட்டடமாக எழும்பத் தொடங்கியது. அந்தக் கட்டடங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களை மட்டும் எடுத்தால் ஒரு மாடி கூட நிறையாது. அதனால் மெக்கா, சிவிலா, டெக்ஸ்டைலா என்று கேட்பதை விட்டுவிட்டார்கள்.

கேட்டது வேறு. "சிக்ஸ்டி த்ரூ அவுட்": பத்தாவது, பன்னிரண்டாவது, பி.ஈ. மூன்றிலும் அறுபது சதவீதம். நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது. இந்த இரண்டு சல்லடையிலும் விழாதவன் ஆப்டிட்யூட் தேர்வு எழுதலாம். ஹாஸ்டலில் ஆர்.எஸ்.அகர்வாலின் தடித்த கணக்குப் புத்தகத்தை அட்டை கிழியக் கிழியப் புரட்டினார்கள். சகுந்தலா தேவியின் புதிர்ப் புத்தகம் ஜெராக்ஸாகவே நான்கு பேட்ச் ஓடியது. யஷ்வந்த் கனேட்கரின் 'லெட் அஸ் சி' கையில் இல்லாத மெக் பையன் கிடையாது; ஆனால் மெஷின் டிசைன் டேட்டா புக்கைப் பரீட்சைக்கு முதல் நாள்தான் கடன் வாங்குவான். எழுத்துத் தேர்வில் தேறினால் குரூப் டிஸ்கஷன், பிறகு டெக்னிக்கல், கடைசியில் ஹெச்.ஆர். தமிழ்வழியில் பன்னிரண்டாவது வரை படித்து வந்தவர்கள் குரூப் டிஸ்கஷனில் வாய் திறக்குமுன்பே பதினைந்து நிமிடம் முடிந்துவிடும். என் வேலையில் நான் மிகவும் வெறுத்தது அந்தப் பதினைந்து நிமிடத்தை.

முடிவு அறிவிக்க இரவு பத்து பதினொன்று ஆகிவிடும். செமினார் ஹாலில் ரோல் நம்பர் வாசிப்பேன். அழைக்கப்பட்டவர்கள் மேடைக்கு வருவார்கள். மெஸ்ஸில் அன்றைக்குச் சாப்பாடு மிஞ்சும். வேலை கிடைத்தவனும் சாப்பிட மாட்டான், கிடைக்காதவனும் சாப்பிட மாட்டான்.

கம்பெனிகளுக்குள் போட்டி முற்றியபோது ஏழாவது செமஸ்டரில் வந்தவர்கள் ஆறாவது செமஸ்டருக்கே வந்துவிட்டார்கள். படிப்பு முடிய ஒன்றரை வருடம் இருக்கும்போதே ஆஃபர் லெட்டர். அதில் சம்பளம் இருக்கும், பாண்டு எத்தனை வருடம் என்று இருக்கும். ஜாயினிங் டேட் மட்டும் "பின்னர் தெரிவிக்கப்படும்" என்றிருக்கும். நல்ல காலத்தில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை.

2008 மார்ச்சில் ஒரு பெரிய கம்பெனி வந்து எங்கள் கல்லூரியில் எடுத்தவர்களில் சென்னிமலைப் பையன் ஒருவன் இருந்தான். மெக்கானிக்கல். அப்பா போர்வை நெசவு. இரண்டு வாரம் கழித்து அப்பாவும் மகனும் வந்தார்கள், ஆஃபர் லெட்டரை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்கள். லேமினேட் செய்திருந்தது.

"தண்ணி கிண்ணி பட்டுரக் கூடாதுன்னு போட்டுட்டமுங்க சார்" என்றார் அப்பா.

இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக்மேல் எப்படிப் போடுவது? பிரித்தால் காகிதமும் சேர்ந்து வருகிறது. ஹெச்.ஆருக்குப் போன் செய்து வேறு பிரதி வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தோம், அவரும்தான்.

அந்த செப்டம்பர் 15-ஆம் தேதி நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. சென்னிமலைத் தறிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விளக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. 2009 மே மாதம் படிப்பு முடிந்தது. தேதி வரவில்லை. பையனின் அப்பா ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலையில் போன் செய்வார்.

"ஏனுங்க சார், தேதி ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"செரிங்க. அடுத்த ஒண்ணாந்தேதி கூப்புடறனுங்க."

ஒரு முறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்போதைய கல்விக் கடன் விதி அவருக்கு மனப்பாடம்: படிப்பு முடிந்து ஒரு வருடம், இல்லாவிட்டால் வேலை கிடைத்து ஆறு மாதம், இதில் எது முந்துகிறதோ அன்றிலிருந்து தவணை கட்ட வேண்டும். ஜாமீன் இல்லாமல் நான்கு லட்சம் வரை வங்கிகள் கொடுத்த கடன்தான் கொங்கு நாட்டில் எத்தனையோ பேரை இன்ஜினியராக்கியது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வங்கியின் தேதி நிச்சயம். கம்பெனியின் தேதிதான் நிச்சயமில்லை. 2010 மே மாதம் தவணை தொடங்கிவிட்டது. ஜாயினிங் லெட்டர் வந்தது ஆகஸ்டில்.

அதற்குள் பையன் பெருந்துறை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தான். மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு. மெஷினைப் பிரித்துச் சரிசெய்வதில் கெட்டிக்காரன் என்று அங்கே பெயர். லெட்டரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "போகட்டுங்களா சார்?" என்றான். வருடத்துக்கு மூன்றேகால் லட்சம். போ என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பிடித்த வேலையை விட்டுவிட்டானே என்று பேச ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர்களுக்கு உரிமை இல்லை. ஃபவுண்டரியில் நானும் போதாத சம்பளம் வாங்கியவன்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அந்தியூர், தாராபுரம் பக்கமிருந்து ஈ.சி.ஈ. படிக்க வந்த பெண்கள், சோழிங்கநல்லூரில் நான்கு பேர் சேர்ந்து வீடெடுத்துத் தங்கி, தம்பியின் பீஸைக் கட்டினார்கள். "வேலைக்குப் போகட்டும், கல்யாணம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று அப்பாக்களைச் சொல்ல வைத்தது என் பிரசங்கம் எதுவுமில்லை, அந்த ஆஃபர் லெட்டர்தான். இந்த வழக்கத்தின்மீது எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வேன்.

கோபம் சம்பளத்தில்தான். 2008-இல் புதியவர்களுக்கு மூன்றேகால், மூன்றரை லட்சம் என்றார்கள். 2022-இலும் பெரிய கம்பெனிகள் மொத்தமாக ஆள் எடுக்கும்போது கொடுத்தது ஏறத்தாழ அதுதான். இடையில் வேளச்சேரி வாடகை எங்கே போயிற்று என்று அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது கம்பெனிகள் வளாகத்துக்கு வருவதே குறைவு. தேர்வு ஆன்லைனில், நேர்காணல் லேப்டாப் திரையில். குரூப் டிஸ்கஷன் பெரும்பாலும் ஒழிந்தது, நிம்மதி. 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2022-இல் 'நான் முதல்வன்' திட்டம் வந்து, நான் இழுப்பறையும் டையுமாகச் செய்த வேலையில் ஒரு பங்கை அரசே எடுத்துக்கொண்டது. டை கட்டி வருபவன் யாருமில்லை. போன வாரம் இழுப்பறையைத் திறந்தபோது ஆறும் முடிச்சோடு கிடந்தன. மெரூன் ஒன்றில் மட்டும் பூச்சி அரித்திருந்தது.

ஆனால் தேதிக் கதை மாறவில்லை. கொரோனாவுக்குப் பின் அள்ளி அள்ளி லெட்டர் கொடுத்துவிட்டு, சேர்த்துக்கொள்வதை வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட கம்பெனிகளும் உண்டு. இப்போதும் ஒன்றாம் தேதி எனக்குப் போன் வருகிறது. ஊர் வேறு, குரல் வேறு.

ஆகவே பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு, இருபத்தேழு வருடம் பிளேஸ்மென்ட் பேனருக்கு எண்ணிக்கை எழுதிக் கொடுத்தவனாக ஒன்று சொல்கிறேன். "இந்த ஆண்டு 640 ஆஃபர்" என்று கல்லூரி வாசலில் பார்த்தால், ஒரே பையன் வாங்கிய மூன்று லெட்டரை மூன்றாக எண்ணியிருப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானே அப்படி எண்ணியிருக்கிறேன். உள்ளே போய், போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்து சம்பளம் வாங்குகிறார்கள், எந்தத் தேதியில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியல் பிளேஸ்மென்ட் அறையில் இருக்கும். காட்ட மறுத்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.