யூ.எஸ்.பி. பூட்லோடர்

யூ.எஸ்.பி. பூட்லோடர் என்பது நுண்கட்டுப்படுத்தியின் நினைவகத்தில் ஓர் ஓரமாக நிரந்தரமாகக் குடியிருக்கும் சிறு செய்நிரல். மின் வந்ததும் முதலில் ஓடுவது இதுதான். யூ.எஸ்.பி. வடத்தின் மறுமுனையில் உள்ள கணினி புதிய நிலைபொருள் அனுப்புகிறதா என்று பார்க்கும். அனுப்பினால் வாங்கிப் பிளாஷ் நினைவகத்தில் எழுதும். இல்லையென்றால் ஏற்கெனவே ஏற்றியிருக்கும் செய்நிரலிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கும். நீராவி எஞ்சின் காலத்தில் இலங்கையின் ரம்புக்கனையில் புகையிரதத்தின் பின்னால் இன்னோர் எஞ்சினைக் கோத்து, மலையேற்றம் முழுக்கத் தள்ளிவந்து, கடுகண்ணாவையில் கழற்றிவிடுவார்கள். அதன்பின் வண்டி தன் பலத்திலேயே கண்டிக்குப் போகும். பூட்லோடருக்கும் அவ்வளவுதான் வேலை.

இது பரவுவதற்கு முன், சிப்பில் உள்ள செய்நிரலை மாற்றப் 'புரோகிராமர்' என்ற தனிக் கருவி வேண்டும். ஒரு சிப்பின் விலையோடு ஒப்பிட்டால் கருவியின் விலை பல மடங்கு. ஆகவே நிலைபொருளைத் திருத்துவது கருவி வைத்திருக்கும் தொழிற்சாலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் மட்டுமே கைகூடியது. அந்தக் கருவி எப்படித் தேவையற்றுப் போனது என்பதே இந்த வரலாற்றின் நடுநாடி.

கண்ணாடிச் சாளரக் காலம்

1971 இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃபுரோமன் ஈப்ரொம் நினைவகத்தை உருவாக்கினார். மின்னால் எழுதி, புற ஊதா ஒளியால் அழிக்கும் நினைவகம் அது. 1976 இல் வந்த இன்டெல் 8748 அதை நுண்கட்டுப்படுத்திக்குள்ளேயே வைத்தது. 1980 இல் அறிமுகமான 8051 குடும்பத்தின் 8751 சிப்பும் அதே வகை. தலையில் வட்டமான குவார்ட்ஸ் சாளரம். உற்றுப் பார்த்தால் உள்ளே சிலிக்கன் துண்டு மின்னுவது தெரியும். செய்நிரலில் ஒரு வரி பிழைத்தால் சிப்பைச் சுற்றிலிருந்து கழற்றி, விளக்குப் பெட்டிக்குள் 15 முதல் 20 நிமிடம் வைத்து அழித்து, புரோகிராமரில் செருகி எழுதி, மறுபடி சுற்றில் பொருத்திப் பார்க்க வேண்டும். வெளிச்சம் பட்டு எழுதியது கெடாதிருக்கச் சாளரத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பெருந்தொகை உற்பத்திக்கு மாஸ்க் ரொம் இருந்தது. அதில் செய்நிரல் சிப்போடு சேர்ந்தே வார்க்கப்பட்டுவிடும். பிழை கண்டால் அந்த முழுத் தொகுதியும் வீண்.

தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984 இல் பிளாஷ் நினைவகத்தைப் பற்றி அறிவித்தார். 1993 இல் மைக்ரோசிப்பின் பிக்16சி84 மின்னாலேயே அழிக்கும் நினைவகத்தோடும், அட்மெலின் 89சி51 பிளாஷோடும் வந்தன. விளக்குப் பெட்டி போயிற்று. 1997 இல் அட்மெல் ஏவிஆர் வரிசையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கட்டமைப்பு நோர்வேயின் ட்ரொண்ட்ஹெய்மில் ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வொல்லன் என்ற இரு மாணவர்கள் வகுத்தது. சிப்பைச் சுற்றிலிருந்து கழற்றாமலே சில கம்பிகளால் எழுதும் முறை இவற்றால் பரவலாயிற்று. அச்சுப்பொறிக்கான பேரலல் போர்ட்டிலிருந்து நாலைந்து தடைகளோடு ஒரு வடம் கட்டிக்கொண்டால் புரோகிராமர் தயார் என்ற நிலை வந்தது. மாணவர்களுக்கு இது பெரிய விடுதலை.

அந்த விடுதலை நீடிக்கவில்லை. மடிக்கணினிகளில் பேரலல் போர்ட் மறைந்தது. யூ.எஸ்.பி. வழியே எழுதும் புரோகிராமர் வேண்டுமென்றால் அதற்குள்ளும் ஒரு நுண்கட்டுப்படுத்தி இருக்க வேண்டும். அதை முதலில் யார் எழுதுவது? தோமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்து இலவசமாக வெளியிட்ட யூ.எஸ்.பி.ஆஸ்ப் மலிவானது, நல்லது. ஆனாலும் அதிலுள்ள ஏடிமெகா8 சிப்புக்குச் செய்நிரல் ஏற்ற இன்னொரு புரோகிராமர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, சிப் தன்னைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

தன்னை எழுதும் சிப்

ஏடிமெகா328பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 32 கிலோபைட் பிளாஷின் கடைசியில் பூட் பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதன் அளவை 512 பைட் முதல் 4 கிலோபைட் வரை, பியூஸ் பிட்டுகள் எனப்படும் அமைப்புப் பிட்டுகளால் தீர்மானிக்கலாம். பிளாஷை எழுதும் கட்டளை அந்தப் பகுதியில் ஓடும் செய்நிரலுக்கு மட்டுமே பலிக்கும். மற்ற இடத்திலிருந்து அழைத்தால் ஒன்றும் நடக்காது. எழுதுவதும் பைட் பைட்டாக அல்ல, 128 பைட் கொண்ட பக்கம் பக்கமாக. ஒரு பக்கத்தை அழிக்க ஏறக்குறைய 4 மில்லி விநாடி, எழுத அதே அளவு. பூட் பகுதியை வெளியிலிருந்து வரும் செய்நிரல் மிதித்துவிடாதபடி பூட்டும் பிட்டுகளும் தனியே உண்டு.

இந்தப் பாதுகாப்பின் அருமை மின்வெட்டு நேரத்தில் தெரியும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் துண்டிக்கப்பட்டது. மேசைக் கணினியில் நிலைபொருள் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின் போனால், சிப்பில் பாதி பழையது, பாதி புதியது. அந்த நிலையில் செய்நிரல் ஓடாது. ஆனால் பூட் பகுதி தொடப்படவில்லை; மின் திரும்பியதும் அது மறுபடி விழித்து, கணினி அனுப்புவதற்குக் காத்திருக்கும். ஏற்றத்தை முதலிலிருந்து செய்தால் முடிந்தது. கவனமாக எழுதப்பட்ட பூட்லோடர் இன்னொன்றும் செய்யும்: முழுவதும் எழுதிச் சரிபார்த்த பிறகே 'செய்நிரல் செல்லும்' என்ற குறியைக் கடைசியாகப் பதிக்கும். குறி இல்லாவிட்டால் அரைகுறைச் செய்நிரலுக்குள் குதிக்காது. பூட்லோடரையே புதுப்பிக்கும் வேளையில் மின் போனால் மட்டும் மறுபடி புரோகிராமரைத் தேடி ஓடத்தான் வேண்டும்.

யூ.எஸ்.பி. நுழைந்த வழிகள்

யூ.எஸ்.பி. 1.0 விதிமுறை 1996 ஜனவரியில் வெளியானது. இன்டெலில் அதற்கு முன்னின்றவர்களுள் குஜராத்தின் வதோதராவில் படித்த அஜய் பட் ஒருவர். நுண்கட்டுப்படுத்திகளுக்குள் யூ.எஸ்.பி. வெவ்வேறு வாசல்களால் நுழைந்தது.

எளிய வழி, யூ.எஸ்.பி.யைச் சீரியலாக மாற்றும் தனிச் சிப்பை நடுவில் வைப்பது. 2005 இல் இத்தாலியின் இவ்ரேயாவில் பிறந்த ஆர்டுயினோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகை வரிசையின் தொடக்ககால யூ.எஸ்.பி. பலகைகள் இப்படித்தான் பூட்லோடரை எட்டின. பின்னர் வந்த பலகைகளில், கணினி சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது ஒரு சமிக்ஞைக் கோடு கீழிறங்கும், 100 நானோபரட் கொள்ளளவி வழியாக அது சிப்பை ஒரு கணம் ரீசெட் செய்யும், பூட்லோடர் விழிக்கும். பயனர் பொத்தானைத் தொட வேண்டியதே இல்லை. சின்ன உத்திதான், ஆனால் ஆர்டுயினோ வகுப்பறைக்குள் நுழைந்ததில் அந்தக் கொள்ளளவிக்குப் பெரும் பங்கு உண்டு. 2010 இல் வந்த ஆர்டுயினோ ஊனோவில் ஒப்டிபூட் என்ற 512 பைட் பூட்லோடர் அமர்ந்தது. முந்தையது 2 கிலோபைட் பிடித்திருந்தது.

நடுச் சிப் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. 2014 ஒக்டோபரில், இத்தகைய நடுச் சிப்புகளைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம் விண்டோஸ் வழியே விநியோகித்த டிரைவர் மென்பொருள், தன் சிப்பின் போலிகளைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கி, கணினியால் அறிய முடியாதபடி செய்தது. போலி என்று தெரியாமல் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. மலிவுப் பலகைகளில் அதே வேலையைச் செய்யும் சீனாவின் சிஎச்340 சிப் எங்கும் காணக்கிடைக்கிறது.

இரண்டாவது வழி, யூ.எஸ்.பி.யை நுண்கட்டுப்படுத்திக்குள்ளேயே வைத்திருக்கும் சிப். மைக்ரோசிப்பின் பிக்18எஃப்4550 இதில் பெயர்பெற்றது. இதில் பூட்லோடர் நினைவகத்தின் தொடக்கத்தில் உட்காரும். அதனால் பயனரின் செய்நிரல் பதினாறடிமான முகவரி 1000 இலிருந்து தொடங்க வேண்டும். இடையூறு வெக்டர்களும் 1008, 1018 என்று நகர வேண்டும். கம்பைலருக்கு அதைச் சொல்ல மறந்தால் செய்நிரல் பிழையின்றித் தொகுக்கப்படும், பிழையின்றி ஏறும், ஓடாது. சுற்றில்தான் கோளாறு என்று நினைத்து மாணவர்கள் எல்.ஈ.டி.யை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது வழிதான் வியக்க வைப்பது. வியன்னாவின் ஒப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் நிறுவனம் வி-யூ.எஸ்.பி. என்ற மென்பொருளை வெளியிட்டது. யூ.எஸ்.பி. வன்பொருளே இல்லாத ஏவிஆர் சிப், இரண்டு பின்களை மென்பொருளால் ஆட்டியே யூ.எஸ்.பி. பேசிற்று. குறைவேக யூ.எஸ்.பி. விநாடிக்கு 15 இலட்சம் பிட். 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 8 சுழற்சி. அந்த எட்டுக்குள் பிட்டைப் படித்து, திணித்த பிட்டை நீக்கி, சேமிக்க வேண்டும். அசெம்பிளியில் ஒவ்வொரு கட்டளையையும் எண்ணி எழுதப்பட்ட செய்நிரல் அது. 2012 இல் வந்த டிஜிஸ்பார்க் பலகையின் ஏடிடைனி85 சிப்பில் இந்த உத்தியே பூட்லோடராயிற்று. அச்சிப்பில் தனியான பூட் பகுதி கிடையாது. ஆகவே மைக்ரோநியூக்ளியஸ் என்ற பூட்லோடர், ஏற்றப்படும் செய்நிரலின் முதல் கட்டளையை மாற்றி, எப்போதும் தன்னிடமே முதலில் வரச் செய்கிறது.

பொது விதிமுறையாக யூ.எஸ்.பி. அமைப்பு 1999 இல் டி.எஃப்.யூ. என்ற நிலைபொருள் மேம்படுத்தல் வகுப்பை வெளியிட்டு, 2004 இல் 1.1 பதிப்பாகத் திருத்தியது. கோப்பின் முடிவில் 16 பைட் கொண்ட வால் இருக்கும். நிறுவன எண், பொருள் எண், சரிபார்ப்புத் தொகை எல்லாம் அதில். தவறான கருவிக்குத் தவறான கோப்பு ஏறாமல் தடுப்பது அது. ஓப்பன்மோக்கோ திறந்த தொலைபேசித் திட்டத்துக்காக எழுதப்பட்ட டிஎஃப்யூ-யூடில் மென்பொருள் இன்றும் புழக்கத்தில் உள்ளது. எஸ்.டி. நிறுவனம் எஸ்டிஎம்32எஃப்4 போன்ற சிப்புகளில் டி.எஃப்.யூ.வை அழிக்க முடியாத ரொம்மிலேயே பதித்தது. பூட்0 பின்னை உயர்த்தி மின் கொடுத்தால் போதும்.

கோப்பை இழுத்துப் போடுதல்

பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் 1950 இல் கொழும்பில் தொடங்கி 1964 இல் பேராதனைக்கு வந்தது. அங்குள்ள கணினித் துறை 1985 இல் தொடங்கப்பட்டது. ஒருகாலத்தில் நுண்கட்டுப்படுத்தி இப்படிப்பட்ட ஆய்வுகூடங்களுக்கே உரியதாக இருந்தது. ஆனால் நுண்கட்டுப்படுத்தியைத் தொட இன்று பல்கலைக்கழகம்வரை போக வேண்டியதில்லை. க.பொ.த. உயர்தரத்தில் 2013 இல் தொழினுட்பப் பிரிவு அறிமுகமானது. 2017 முதலான தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில் பொருட்களின் இணையம் ஓர் அலகாக உள்ளது.

பாடசாலைக் கணினியறைக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. நிர்வாகி கடவுச்சொல் ஆசிரியரிடமே இராத கணினியில் டிரைவர் மென்பொருளை நிறுவ முடியாது. சிஎச்340 டிரைவர் இல்லாவிட்டால் பலகை மேசையில் சும்மா கிடக்கும். பிரித்தானியாவிலும் இதே தொல்லைதான். 2016 இல் அங்கே ஏறத்தாழ பத்து இலட்சம் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட பிபிசி மைக்ரோபிட், கணினிக்கு ஒரு பென் டிரைவ் போலக் காட்சியளித்தது. கோப்பை இழுத்துப் போட்டால் ஏற்றம் முடிந்தது. பென் டிரைவை அறியாத கணினி இல்லை. டிரைவர் பேச்சுக்கே இடமில்லை.

கேட்க எளிது, செய்வது கடினம். இயங்குதளம் ஒரு கோப்பைத் துண்டுகளாக்கி எந்த வரிசையிலும் எழுதலாம், இடையே தன் சொந்தக் கோப்புகளையும் எழுதலாம். எது நிலைபொருள், எது குப்பை என்று சிறிய பூட்லோடர் எப்படி அறியும்? மைக்ரோசொப்டின் மேக்கோட் குழு வகுத்த யூ.எஃப்.2 வடிவம் இதற்கு அழகான விடை. கோப்பு முழுவதும் 512 பைட் கட்டங்கள். டிரைவின் ஒரு செக்டரும் அதே 512. ஒவ்வொரு கட்டமும் தொடக்கத்தில் அடையாள எண்களையும், தான் போய் அமர வேண்டிய முகவரியையும், மொத்தத்தில் தான் எத்தனையாவது என்பதையும் தானே சுமந்து வரும். வழக்கமாக 256 பைட் மட்டுமே உண்மையான நிலைபொருள். பூட்லோடருக்குக் கோப்பு முறைமை எதுவும் தெரிய வேண்டியதில்லை. அடையாளம் இருக்கும் செக்டரை உரிய முகவரியில் எழுதும், இல்லாததைத் தள்ளிவிடும். பாதி இடம் வீணாகிறது என்று குறை சொல்வோர் உண்டு. அந்த வீணுக்கு ஈடாகக் கிடைப்பது இவ்வளவு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

2021 ஜனவரியில் 4 டொலர் விலையில் வெளியான ராஸ்பெரி பை பிக்கோவில் இந்த முறை சிப்பின் 16 கிலோபைட் ரொம்முக்குள்ளேயே சென்றுவிட்டது. பூட்செல் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி வடத்தைச் செருகினால் திரையில் ஒரு டிரைவ் தோன்றும். அதற்குள் இரண்டே சிறு கோப்புகள். யூ.எஃப்.2 கோப்பை அதில் போட்டதும் டிரைவ் தானாக மறைந்து, பலகை புதிய செய்நிரலோடு எழும். மறைவதைக் கண்டு பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். வேலை முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். பூட்லோடர் ரொம்மில் இருப்பதால் மாணவர் எந்தப் பிழை செய்தாலும் அதை அழிக்க முடியாது. கற்பிப்பதற்கு இதைவிட உகந்த ஏற்பாடு இதுவரை வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

யார் ஏற்றலாம்?

எளிதாகத் திறக்கும் கதவு எல்லோருக்கும் திறக்கும். 2014 ஓகஸ்டில் கார்ஸ்டன் நோல், யாக்கொப் லெல் இருவரும் பிளாக் ஹட் மாநாட்டில் பேட்யூ.எஸ்.பி. என்ற தாக்குதலைக் காட்டினார்கள். சாதாரணப் பென் டிரைவின் கட்டுப்படுத்திக்குள் யூ.எஸ்.பி. வழியாகவே வேறு நிலைபொருள் ஏற்றி, அதை ஒரு விசைப்பலகையாக நடிக்கவைத்து, கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வைத்தார்கள். அந்தக் கட்டுப்படுத்தி, நிலைபொருளை அனுப்புவது யார் என்று கேட்கவே இல்லை.

ரொம்மில் வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையான சிப்புகளின் ரொம்மில் டி.எஃப்.யூ. பகுதியில் இருந்த ஒரு வழுவை 2019 செப்டெம்பரில் ஒருவர் செக்எம்8 என்ற பெயரில் வெளியிட்டார். அழிக்க முடியாத இடத்தில் இருப்பதால் அந்த வழுவைத் திருத்தவும் முடியாது. விற்றுப்போன தொலைபேசிகளில் அது அப்படியே இருக்கிறது.

இதனால் கையொப்பமிட்ட நிலைபொருளை மட்டுமே ஏற்கும் பூட்லோடர்கள் பெருகின. எம்.சி.யூ.பூட் என்ற திறந்த மென்பொருள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. 2024 ஓகஸ்டில் வந்த ராஸ்பெரி பையின் ஆர்பி2350 சிப்பில், ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய நினைவகத்தில் பொதுச் சாவியின் ஹாஷ் மதிப்பைப் பதித்துவிட்டால், அச்சாவிக்குப் பொருந்தாத நிலைபொருளை ரொம் ஓடவிடாது. வாங்கியபடி இந்தப் பூட்டு திறந்தே இருக்கிறது; பூட்டுவதா இல்லையா என்பது பலகையை வடிவமைப்பவர் கையில். மின்மானியிலும் மருத்துவக் கருவியிலும் அதைப் பூட்டுவது முறை. மாணவர் கையில் கொடுக்கும் பலகையில் பூட்டினால், வாங்கியவர் தன் பொருளைத் தானே திருத்தும் வாய்ப்பு மறுபடியும் சாவி வைத்திருக்கும் தொழிற்சாலைக்கே போய்விடும்.