பதினேழா, பதினெட்டா?

தை அறுவடை முடிஞ்சு களத்துல கூலி நெல் அளந்துக்கிட்டு இருந்தேன். மூட்டைக்கு எடை மெஷின் வந்தாச்சு. ஆனாலும் எங்க வீட்டுல கூலி நெல்லுக்கு இன்னும் மரக்கால்தான். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று ராகம் இழுத்து எண்ணுவோம். ஒன்றுக்குப் பதில் 'லாபம்' என்றுதான் தொடங்கணும். பதினேழு வரும்போது மடியில் இருந்த செல்போன் கத்தியது. கடன் வேணுமா என்று கேட்கும் பதிவுக்குரல். அணைத்துவிட்டுத் திரும்பினால், பதினேழா, பதினெட்டா? நான் முழிக்க, அறுப்புக்கு வந்த அக்கா, "பதினெட்டு போட்டாச்சு தம்பி" என்றது. பதினேழு என்று சொல்லியிருந்தால் அதுக்கு ஒரு மரக்கால் கூடக் கிடைத்திருக்கும்.

அரை நொடிச் சத்தம், கையில் இருந்த கணக்கையே தட்டிவிட்டது. அந்த யோசனையில் எழுதுவதுதான் இது.

சத்தத்துக்குப் பயப்படுவது எங்க ஊருக்குப் புதுசில்லை. உத்தரகோசமங்கை மரகத நடராஜரை வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள்தான் வைத்திருப்பார்கள். மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒரு தடவைதான் காப்பைக் களைவார்கள். மத்தள அதிர்வைக்கூட மரகதம் தாங்காது, அதுக்காகத்தான் சந்தனம் என்பது ஊர்ப்பேச்சு. கல் தாங்குமோ தாங்காதோ, மனுசன் கவனம் தாங்காது என்று நான் நெல் அளந்தபோது தெரிந்துகொண்டேன்.

இந்தப் பலவீனத்தை வேலைக்குப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் நம் முன்னோர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்று பல கருவிகள் வைத்துக் கிளி ஓட்டுகிறார்கள். தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து செய்தது. தட்டினால் படாரென்று கேட்கும். கிளி ஓட்ட ஒண்ணு போதாதா, எதுக்கு இத்தனை? பள்ளிக்கூடத்தில் படித்தபோது இந்தக் கேள்வி வரவில்லை. விவசாயம் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

நற்றிணையிலும் கலித்தொகையிலும் அசுணம் என்று ஒரு உயிர் வருகிறது. யாழ் இசைக்கு மயங்கி நிற்கும். அந்த நேரம் பறையைக் கொட்டினால் உயிரை விட்டுவிடும் என்பது நம்பிக்கை. எந்த விலங்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்றில் லயித்திருக்கும்போது வரும் சத்தம்தான் மோசமாக அடிக்கும் என்று அந்தக் காலத்திலேயே யாரோ கவனித்திருக்கிறார்கள்.

இதையே ரஷ்யாவில் நாய்களிடம் பார்த்தவர் பாவ்லோவ். 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். பழக்கிய நாய், புதுசாக ஒரு சத்தம் கேட்டாலோ, புது ஆள் உள்ளே வந்தாலோ, எச்சில் ஊறுவதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிடும். அதுக்கு அவர் வைத்த பேர் 'என்ன அது?' அனிச்சை. காட்டில் திரும்பிப் பார்க்காத உயிர் பிழைக்காது என்பதால் நம் உடம்பிலேயே ஊறிப்போன குணம். ஆனால் அவர் ஆராய்ச்சிக்கு அதுவே தலைவலி. அதனால் 1910-களில் பீட்டர்ஸ்பர்க்கில் தடித்த சுவர்களோடு, வெளி அதிர்வு வராதபடி ஒரு கட்டடமே எழுப்பினார்கள். 'மௌனக் கோபுரம்' என்று அதுக்குப் பேர். நாய்க்குக் கட்டிய சந்தனக் காப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1960 வாக்கில் சொகலோவ் என்ற இன்னொரு ரஷ்யர் விளக்கம் சொன்னார். மூளை, சுற்றி நடப்பதற்கு உள்ளே ஒரு மாதிரி வைத்திருக்கிறது. வரும் சத்தம் அதோடு பொருந்தினால் கண்டுகொள்ளாது. பொருந்தாவிட்டால் வேலையை விட்டுத் திரும்பும். அப்போ, பெரிய சத்தமா சின்னச் சத்தமா என்பது மட்டும் இல்லை, எதிர்பார்த்ததா என்பதும் கணக்கு.

இது எங்க வயலில் தினம் நடக்கிறது. தகர டப்பா கட்டினேன். முதல் நாள் குருவி எல்லாம் பறந்தது. நாலாம் நாள் டப்பா மேலேயே உட்கார்ந்தது. மயில் அதைவிடக் கெட்டிக்காரன். இப்போ ஒரு நாள் டப்பா, ஒரு நாள் காற்றில் ரீங்காரமிடும் பழைய கேசட் நாடா, ஒரு நாள் கவண் என்று மாற்றுகிறேன். தழலும் தட்டையும் குளிரும் எதுக்கு என்று இப்போ எனக்குப் புரிகிறது.

ஆய்வகங்களில் மனுசனையும் சோதித்திருக்கிறார்கள். திரையில் வரும் எண் ஒற்றையா இரட்டையா என்று பொத்தானை அமுக்கணும். காதில் ஒரே மாதிரி 'டிக்' ஓடும். நடுவில் வேறு சத்தம் வந்தால் கை நொடியில் சிறு பங்கு தாமதிக்கும். ஆனால் வேறு சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே காட்டிவிட்டால் அந்தத் தடுமாற்றம் குறைகிறது.

இதைப் படித்ததும் எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. பதநீர்க் காலம். பனை உச்சியில் சித்தப்பா பாளை சீவிக்கிட்டு இருந்தார். கீழே போய் நின்று, விளையாட்டாக, "சித்தப்பூ!" என்று கத்தினேன். கால் வழுக்கி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாலு முழம் சறுக்கினார். தளைநார் பிடித்துக்கொண்டதால் உயிர் தப்பியது. நெஞ்செல்லாம் ரத்தம். அவர் என்னைத் திட்டவே இல்லை. அப்பத்தாதான் சொன்னது: "மரத்துல ஆளு இருந்தா தூரத்துல வரும்போதே செருமிக்கிட்டு வரணும்டா. மெதுவா சத்தம் குடு, பெறவு கூப்பிடு."

பாவ்லோவ் பேரைக் கேட்டிராத கிழவி அது. வரப்போகும் சத்தத்துக்கு ஒரு சின்னச் சத்தத்தால் முன்னறிவிப்புச் சொல்லத் தெரிந்திருந்தது.

நகரத்தில் இருக்கும் உங்களுக்கு நாள் முழுக்கச் செருமாமல் கூப்பிடும் போன்தான். நான் ஒன்று செய்துவிட்டேன்: களத்துக்குப் போகும்போது போனை வீட்டு மாடத்தில் வைத்துவிடுகிறேன். இன்னொருத்தர் கூலியை அளக்கும்போதாவது கணக்கு தப்பக் கூடாது.