பணிமனைக்குள் வந்த காமிரா

1885ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்தில், 17 வயதுப் பிராயத்தில் கொத்து வேலை கற்கச் சேர்ந்த பிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்க இளைஞர், தமக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கொத்தனார்கள், புதியவனுக்குக் கற்பிக்கும்போது ஒரு விதமாகவும், நிதானமாக வேலை செய்யும்போது வேறு விதமாகவும், பொழுது சாய்வதற்குள் சுவரை எழுப்பியாக வேண்டும் என்ற அவசரத்தில் மூன்றாவது விதமாகவும் கையையும் கரணையையும் இயக்குவதைக் கண்டு வியப்படைந்தார். தொழிலில் தேர்ந்தவர் தம் கை செய்வதையெல்லாம் தாமே அறிவதில்லை. ஆகையால் அவர் வாய் சொல்லும் பாடம் ஒன்றாகவும், கை நடத்தும் பாடம் வேறொன்றாகவும் இருந்துவிடுகின்றன. பணியிடப் பயிற்சியைச் சலனப் படமாகப் பதிந்து வைக்கும் வழக்கத்தின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர், இந்தக் கொத்தனார்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பிற்காலத்தில் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்த கில்பிரெத், செங்கல்லைக் குனிந்து எடுக்கும் சிரமம் நீங்கும்படி சாரத்தின் அமைப்பை மாற்றி, ஒரு கல்லை வைப்பதற்கு வேண்டியிருந்த 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்து, மணிக்கு 120 கல் வைத்துக்கொண்டிருந்தவர் 350 கல் வைக்கும்படி செய்தார். இவ்வளவையும் அவர் வெறும் கண்ணால் பார்த்தே சாதித்தார். ஆனால் இயந்திரத் தொழிற்சாலைகளுக்குள் புகுந்தபோது, அங்கே விரல்கள் ஓடிய வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்கவில்லை. 1912இல், ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில், நாடா பின்னும் இயந்திரங்களைச் செய்துவந்த நியூ இங்கிலாந்து பட் கம்பெனியில், தனி அறை ஒன்றில் கட்டம் கட்டமாகக் கோடுகள் இட்டு, தொழிலாளியின் அருகே மிக நுட்பமாகக் காலங்காட்டும் கடிகாரம் ஒன்றை நிறுத்தி, அவர் வேலை செய்வதைப் படம் பிடித்தார். கைப்பிடியைச் சுற்றி இயக்கும் அக்காலத்துக் காமிராவின் வேகம் ஒரே சீராக இராது. கடிகாரமும் படத்துக்குள்ளேயே இருந்தால்தான், ஒவ்வோர் அசைவுக்கும் ஆன காலத்தைப் பிசகின்றிக் கணக்கிட முடியும். இந்த ஆராய்ச்சியில் சரிபாதிப் பங்கு கொண்டவர் அவருடைய மனைவி லில்லியன். மனோதத்துவம் பயின்ற அவர், உழைப்பவரின் களைப்பும் கவனிக்கப்பட வேண்டிய விஷயமே என்பதை விடாமல் வற்புறுத்தினார்.

ஆயினும் அந்தக் காமிரா முதலாளியின் சொத்தாகவே இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான், மாசசூசெட்ஸில் உள்ள வாட்டர்டவுன் ஆயுதசாலையின் வார்ப்புத் தொழிலாளர்கள், தங்கள் வேலையைக் கடிகாரம் வைத்து அளப்பதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். தன்னை அளக்கும் கருவி தன் கையில் இல்லாதவன் அதைக் கண்டு அஞ்சுவது நியாயமே என்று நான் கருதுகிறேன். அந்த நிலைமையை மாற்றிய சக்திகளில் காமிராவின் விலை முக்கியமானது.

அக்காலத்து 35 மில்லிமீட்டர் பிலிம், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டினால் ஆனது. 1923இல் ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனி, தீ அபாயமில்லாத அசிடேட் சுருளில் 16 மில்லிமீட்டர் முறையைக் கொண்டுவந்தது. காமிரா, புரொஜெக்டர், முக்காலி, திரை ஆகியவை அடங்கிய தொகுதியின் விலை 335 டாலர். அன்றைய மலிவான போர்டு மோட்டார் வண்டியின் விலையைக் காட்டிலும் அது அதிகம். நூறு அடிச் சுருள் நான்கு நிமிஷம்தான் ஓடும். அதையும் கழுவி எடுத்த பிறகே, படம் விழுந்ததா இல்லையா என்று அறிய முடியும். சொந்தப் பட்டறையின் பயிற்சியைச் சொந்தமாகப் பதிவு செய்வது அப்போதும் சாதாரணமாகவில்லை. இரண்டாம் உலக யுத்தம் வந்து, லேத்தையே பார்த்திராத லட்சக்கணக்கானோரைச் சில வாரங்களில் தொழிலாளராக்க நேர்ந்தபோது, அமெரிக்கக் கல்வி அலுவலகம் 1941க்கும் 1945க்கும் இடையில் 457 பயிற்சிப் படங்களைத் தயாரித்தது. அவை பயன்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால், எங்கோ எடுத்த படத்தை எல்லாரும் பார்த்தார்களேயன்றி, தம் வேலையைத் தாமே பார்க்கும் வாய்ப்பு ஒருவருக்கும் கிட்டவில்லை.

அந்த வாய்ப்பைத் தந்தது காந்த நாடா. 1956இல் ஆம்பெக்ஸ் கம்பெனி வெளியிட்ட முதல் வீடியோப் பதிவு யந்திரம் சுமார் 50,000 டாலர் பெறுமானமுள்ளது. தொலைக்காட்சி நிலையங்களைத் தவிர வேறு எவரும் அதை நினைத்துப் பார்க்கவும் இயலவில்லை. எனினும் அதன் விசேஷ குணம், பிடித்ததை உடனே பார்க்கலாம், வேண்டாததை அழித்து அதே நாடாவில் மீண்டும் பதியலாம் என்பது. 1963இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் ஆசிரியப் பயிற்சியில் இக்குணத்தைக் கையாண்டார்கள். பயிற்சி பெறும் ஆசிரியர் நாலைந்து மாணவர்களுக்குச் சில நிமிஷம் பாடம் நடத்துவார். தம்மைத் தாமே திரையில் பார்ப்பார். குறையைத் திருத்திக்கொண்டு மறுபடி நடத்துவார். நம் பி.எட். கல்லூரிகளில் நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பெயரில் நடைபெறுவது இதுவே. காமிரா வாங்க வசதியற்ற இந்தியக் கல்லூரிகளுக்காக, சக மாணவர்களையே வகுப்பாக உட்காரவைத்து, கூட இருப்பவர் குறிப்பெடுத்துச் சொல்லும்படி, கற்பித்தலும் திருத்தமும் மறுகற்பித்தலும் சேர்ந்து 36 நிமிஷத்தில் முடியும் ஒரு முறையை இங்குள்ள கல்வியாளர்கள் வகுத்தார்கள். கருவி இல்லாவிடினும் அதன் தத்துவத்தைக் காப்பாற்றிய அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும், தன் குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை என்பதைப் பிறர் சொல்லக் கேட்பதும், தன் காதாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வதும் ஒன்றாகமாட்டா.

1967இல் சோனி கம்பெனி, தோளில் மாட்டிச் செல்லத்தக்க போர்ட்டாபேக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளைப் படம், 20 நிமிஷ நாடா. 1971இல் அதே கம்பெனி வெளியிட்ட யூ-மாட்டிக் கேசட், வீடுகளுக்கென்று திட்டமிடப்பட்டும் விலை மிகுதியால் வீடுகளுக்குள் நுழையாமல், அலுவலகங்களுக்குள் நுழைந்தது. போர்டு கம்பெனி தன் விற்பனையாளர்களைப் பயிற்றுவிக்க 5,000 யந்திரங்களை வாங்கிற்று. பொழுதுபோக்குக்கு முன்பே பயிற்சிதான் கேசட்டை வாழவைத்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த அத்தியாயம் அகமதாபாத்தில் நிகழ்ந்தது. இளா பட் அம்மையார் 1972இல் சுயதொழில் செய்யும் பெண்களுக்காகத் தொடங்கிய சேவா சங்கத்தில், 1984ஆம் ஆண்டில், நியூயார்க்கிலிருந்து வந்த மார்த்தா ஸ்டூவர்ட் என்ற அம்மையார், உழைக்கும் பெண்களுக்கு வீடியோ எடுக்க மூன்று வாரம் கற்றுக்கொடுத்தார். காய்கறி விற்பவர்கள் அவர்களில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. பொத்தானில் எழுதியிருப்பதைப் படிக்க இயலாதவர்கள் குறியைக் கண்டு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். மாணெக் சௌக் சந்தையில் கூடை வைத்துப் பிழைத்த வியாபாரிகளின் போராட்டத்தை, அதே வாழ்வைத் தெரிந்தவர்களே படமாக்கினார்கள். பிற்பாடு, ஓரிடத்து உறுப்பினர் கற்றதை வேறோரிடத்து உறுப்பினருக்குக் கற்பிக்கும் சாதனமாகவும் வீடியோ அவர்களுக்கு உதவியது. பிராவிடன்ஸில் தொழிலாளியைப் பிறர் படம் பிடித்தார்கள். அகமதாபாத்தில் தொழிலாளியே காமிராவைப் பிடித்தாள். இடையில் கழிந்த 72 ஆண்டுகளின் விஞ்ஞான அபிவிருத்தி முழுவதும் இந்த ஒரு மாறுதலுக்காகவே நிகழ்ந்திருந்தாலும் அது தகும் என்று எனக்குப் படுகிறது.

பின்னர் விலை வேகமாக இறங்கிற்று. 1985இல் எட்டு மில்லிமீட்டர் கேசட்டும், 1995இல் ஒரு மணி நேரம் பதியும் மினி டிவி (MiniDV) நாடாவும் வந்தன. 2006இல் பெங்களூரில் ஆராய்ச்சியாகத் தொடங்கி, பிறகு தனி நிறுவனமான டிஜிட்டல் கிரீன், எளிய காமிராக்களைக் கொண்டு விவசாயிகளின் செய்முறையைப் படமாக்கி, அதே வட்டாரத்து விவசாயிகளுக்குக் காட்டியது. 2007இல் பிளிப் என்ற சட்டைப்பைக் காமிரா பெரும் பெயர் பெற்று, நான்கே ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. அதில் வெளி மைக்கைப் பொருத்தத் துவாரம் இல்லை. 2009இல் வந்த கோடாக் இசட்-ஐ 8இல், 180 டாலருக்குள், அந்தத் துவாரம் இருந்தது. பொழுதுபோக்குக்கு வாங்குபவர் கவனிக்காத இந்தச் சிறு வித்தியாசம், பயிற்சிக்கு வாங்குபவருக்குத் தலையாய விஷயம். படம் சற்று மங்கினாலும் பாடம் புரியும். இயந்திர ஓசையில் பேச்சு அமிழ்ந்துபோனால் பதிவு வீணாகும்.

இன்று ஏறத்தாழ எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் காமிரா இருக்கிறது. ஆகவே, சொற்பப் பணத்தோடு கடைக்குப் போகும் பயிற்சியாளர், அதை முதலில் ஒரு காலர் மைக்குக்கும் உறுதியான முக்காலிக்கும் செலவிடுவாராக. தனிக் காமிராதான் வேண்டுமென்றால், அது இடைநிற்காமல் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்க வேண்டும். 30 நிமிஷத்துக்கு மேல் பதியும் கருவிக்கு ஐரோப்பாவில் வீடியோக் காமிராவுக்குரிய சுங்கவரி விதிக்கப்பட்டதால், புகைப்படக் காமிராக்கள் பலவற்றை 29 நிமிஷம் 59 விநாடியில் நின்றுவிடும்படியே செய்தார்கள். பழைய சரக்காகக் குறைந்த விலைக்கு வருகிறவற்றில் அவையும் கலந்திருக்கும். ஒரு மணி நேர வகுப்பைப் பதிய நினைப்பவர் காமிராவைக் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்து வாங்குவது நலம்.